கிரைஸ்லர் வண்டி வாங்கலாமா? கொஞ்சம் நீளமான பதில்

கேட்டவர் ஓஹாயோவில் இருக்கிறார். இரண்டு குழந்தைகள், அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், அதனால் ஏழு பேர் உட்காரும் வண்டி தேவை. 90,000 மைல் ஓடிய 2018 கிரைஸ்லர் பசிஃபிகா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதே வயதுள்ள ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னாவை விட விலை நன்றாகவே குறைவு. ஆனால் ஆபீஸில் யாரிடம் சொன்னாலும் "கிரைஸ்லரா? வேண்டவே வேண்டாம்" என்கிறார்களாம். இந்தக் கம்பெனிக்கு ஏன் இப்படி ஒரு பேர், அது உண்மையா, இல்லை ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்ட கதையா என்பது கேள்வி.

உண்மைதான். ஆனால் அதற்கு மக்கள் சொல்கிற காரணம் பெரும்பாலும் தப்பு. நான் இருபது வருஷமாக டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற இடத்தில் வேலை. கிரைஸ்லரில் வேலை பார்த்ததில்லை. இந்த ஊரில் விவரம் தெரிந்த யாரும் கிரைஸ்லர் இன்ஜினியர்களை மட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை, சொல்லப்போனால் ஜிஎம், ஃபோர்ட், கிரைஸ்லர் என்ற மூன்று பெரிய கம்பெனிகளில் இன்ஜினியர்களின் கம்பெனி என்று பேர் வாங்கியதே இதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நூறு வருஷத்தில் இந்தக் கம்பெனி பல தடவை செத்துப் பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கஜானா காலியாகும், அடுத்த வண்டி சீக்கிரம் வந்தால்தான் பிழைப்பு என்ற நிலைமை வரும், உடனே புது வண்டியை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டிய கடைசி சில மாதங்களில் கை வைப்பார்கள். விட்டுப்போன சோதனையை வண்டி வாங்கினவர் தன் செலவில் செய்து முடிப்பார்.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனியை ஆரம்பித்தவர் இதற்கு நேர் எதிரான ஆள். வால்டர் கிரைஸ்லர் ரயில்வே பட்டறையில் மெக்கானிக்காக இருந்து மேலே வந்தவர். 1908-ல் சிகாகோ கண்காட்சியில் லோகோமொபைல் என்ற காரைப் பார்த்து மயங்கிவிட்டார். விலை 5,000 டாலர், கையில் இருந்தது 700. மீதி 4,300-ஐக் கடன் வாங்கி, காரை ரயிலில் ஏற்றி அயோவாவில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்து ஓட்டவில்லை! கொட்டகையில் போட்டு ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடியும் கழற்றி, எது எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகப் புரிந்த பிறகுதான் தெருவுக்கு எடுத்தார். வீட்டுக்காரம்மாவுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ப்யூக்கில் தலைவர், அங்கிருந்து விலகி மூழ்கிக்கொண்டிருந்த மேக்ஸ்வெல் கம்பெனியைக் கையில் எடுத்து, ஸீடர், ஸ்கெல்டன், ப்ரீர் என்ற மூன்று இன்ஜினியர்களை வைத்து 1924-ல் தன் பேரில் முதல் காரை விட்டார். நடுத்தர விலைக் காருக்கு நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக். முதல் வருஷமே சுமார் 32,000 போனது. 1925-ல் கிரைஸ்லர் கார்ப்பரேஷன், 1928-ல் டாட்ஜையே விலைக்கு வாங்கிவிட்டார், அதே வருஷம் பிளைமவுத்தும் டி-சோட்டோவும் வந்தன.

முதல் சறுக்கல் 1934. காற்றைக் கிழித்துப் போகிற மாதிரி வளைவாக வடிவமைத்த ஏர்ஃப்ளோ. காலத்துக்கு முந்திய வண்டி, அதில் சந்தேகமில்லை, ஆனால் ஆலை தயாராவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். வண்டி தாமதமாக வந்தது, முதலில் வந்தவற்றில் கோளாறுகள் இருந்தன, தோற்றமும் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பயந்துபோன கம்பெனி அடுத்த இருபது வருஷம் உயரமான, அடக்கமான, தொப்பி கழற்றாமல் உட்காரக்கூடிய கார்களாகவே செய்தது.

அப்புறம் 1957. வர்ஜில் எக்ஸ்னர் என்ற டிசைனரின் கைவண்ணத்தில் வால் பக்கம் துடுப்பு வைத்த, தாழ்வான, பார்த்தால் கண் எடுக்க முடியாத வண்டிகள். 1960 இப்போதே வந்துவிட்டது என்கிற மாதிரி பிளைமவுத்துக்கு விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்தில் சொன்னது ஒரு வகையில் நிஜம்தான், வேலையை அவசரமாக முன்னால் இழுத்திருந்தார்கள். புது பாடி, புது சஸ்பென்ஷன், எல்லாம் ஒரே வருஷத்தில். மழை பெய்தால் உள்ளே தண்ணீர், இரண்டு குளிர்காலம் தாண்டினால் துரு, முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்குகிற முறுக்குக் கம்பி) உடைந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது என்று புகார்கள். அந்த வருஷம் விற்பனை அள்ளியது, அடுத்த வருஷம் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள படுத்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு இவர்களுக்கு உறுதியான வண்டி செய்யவே வராது என்று முடிவு கட்டாதீர்கள். 1956-ல் வந்த டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1960 மாடலில் வந்த சாய்வான ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டும் கல் மாதிரி. ஆயில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டினவர்களையும் மன்னித்த எஞ்சின் அது. அந்தத் தைரியத்தில்தான் 1963 மாடலிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸுக்கு 5 வருஷம் 50,000 மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். டாட்ஜ் டார்ட், பிளைமவுத் வேலியன்ட் வைத்திருந்த தாத்தாக்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கண் பளபளக்கும்.

அந்த டார்ட்டையும் வேலியன்ட்டையும் எடுத்துவிட்டு 1976 மாடலாக இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தார்கள், டாட்ஜ் ஆஸ்பென், பிளைமவுத் வொலாரே. கம்பெனியின் பேர் நிஜமாக உடைந்தது இங்கேதான். எண்ணெய் நெருக்கடி முடிந்த கையோடு, பணமுடை. புது வண்டி ஓடும்போதே அணைந்து போவது, பிரேக் கோளாறு, பானட் திறந்துகொள்வது என்று ரீகால் மேல் ரீகால், அதாவது விற்ற வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுப்பது. எல்லாவற்றையும் விட முன் மட்கார்டு. உள்பக்கம் சேறும் உப்பும் தங்குகிற இடத்தில் பாதுகாப்பு போதவில்லை. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிற ஊர்களில் புத்தம் புது வண்டியின் மட்கார்டு மேலே முதலில் சின்னக் கொப்பளம் வரும், விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்ளும். அந்த மட்கார்டுகளை மாற்றிக் கொடுக்கவே 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. பிறகு தலைவராக வந்த லீ ஐயகோக்கா இதை ஒளிக்கவில்லை. அந்த வண்டிகளை ஆறு மாதம் தள்ளி விட்டிருக்க வேண்டும், கம்பெனிக்குப் பணப் பசி, முதலில் வாங்கின வாடிக்கையாளர்கள்தான் எங்களுக்கு இன்ஜினியர் வேலை பார்த்தார்கள் என்ற பொருளில் அவரே எழுதினார். நான் மேலே சொன்னதை நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரே சொல்லியாகிவிட்டது.

இன்னொரு கூத்தும் அப்போது நடந்துகொண்டிருந்தது. மற்ற கம்பெனிகள் டீலர் ஆர்டர் கொடுத்தால் வண்டி செய்யும். கிரைஸ்லர் ஆர்டர் இல்லாமலே செய்து டெட்ராய்டைச் சுற்றி மைதானம் மைதானமாக நிறுத்தி வைத்தது, மிச்சிகன் மாநிலக் கண்காட்சித் திடல் உட்பட. ஆலை ஓடினால் கணக்கில் உற்பத்தி காட்டலாம் அல்லவா. வண்டிகள் மாதக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் நிற்கும், டயர் காற்று இறங்கும், பேட்டரி சாகும். காலாண்டு முடிகிற நேரத்தில் டீலர்களைக் கெஞ்சி விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவார்கள். டீலர்களும் சாமர்த்தியசாலிகள், காலாண்டுக் கடைசி வாரம் வரை ஆர்டரே கொடுக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். அப்படி நின்ற வண்டியைப் புதுசு என்று வாங்கினவருக்கு முதல் மாதமே பிரச்சினை வராமல் என்ன செய்யும்?

1980 ஜனவரியில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட 150 கோடி டாலர் கடன் உத்தரவாதம், கே-கார் என்ற சிக்கனமான சின்ன வண்டிகள், டிவியில் ஐயகோக்காவே வந்து பேசிய விளம்பரங்கள், 1983-ல் ஏழு வருஷம் முன்கூட்டியே கடனை அடைத்தது, இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாக விடுகிறேன். அதே 1983 கடைசியில் கனடாவின் வின்ட்சர் ஆலையிலிருந்து மினிவேன் வந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் பயணம் போகிற விதத்தையே மாற்றிய வண்டி. நீங்கள் பார்த்து வைத்திருக்கிற பசிஃபிகாவும் அதே ஆலையில் செய்ததுதான்.

ஆனால் நல்ல பேர் வந்தவுடன் 1987-ல் ஒரு அசிங்கம். மேலாளர்கள் புது வண்டிகளை மைல் மீட்டர் ஓயரைக் கழற்றிவிட்டு வாரக்கணக்கில் ஓட்டி, திரும்ப மாட்டி, புதுசு என்று விற்க அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் சில விபத்தில் அடிபட்டுச் சரி செய்யப்பட்டவை. அரசு வழக்குப் போட்டது. ஐயகோக்கா மேடையேறி, முட்டாள்தனம் என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பத்து வருஷம் கஷ்டப்பட்டுச் சேர்த்த நம்பிக்கையை மைல் மீட்டர் ஓயருக்காகச் செலவழித்தார்கள்.

இப்போது மினிவேனுக்கே வருவோம், உங்களுக்கு வேண்டியது அதுதான். "கிரைஸ்லர் கியர்பாக்ஸ்" என்றாலே இங்கே மெக்கானிக்குகள் முகம் சுளிப்பதன் வேர் 1989. அந்த வருஷம் அல்ட்ராடிரைவ் என்ற புது நாலு ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கைப் போட்டார்கள். முழுக்கக் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு, ஓட்டுபவரின் பழக்கத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிற புத்தி, அன்றைக்கு அது பெரிய தாவல். ஆனால் முழுசாக வேகவில்லை. ஏதாவது ஒரு சென்ஸார் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கம்ப்யூட்டர் பயந்துபோய் வண்டியை இரண்டாவது கியரிலேயே பூட்டிவிடும். ஹைவேயில் குழந்தைகளோடு போகிறீர்கள், திடீரென்று எஞ்சின் அலறுகிறது, வேகம் எடுக்க மாட்டேன் என்கிறது, ஓரம் கட்டி அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது, பத்து மைல் போனதும் மறுபடியும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக ஓடும். இந்த மாதிரிக் கோளாறு ஒரேயடியாக உடைந்து போவதை விட மோசம், ஏனென்றால் நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இதில் ஆயில் விவகாரம் தனி. அந்தக் கியர்பாக்ஸுக்குக் கிரைஸ்லரின் சொந்த ஆயில்தான் ஒத்துக்கொள்ளும், அதிலிருக்கிற கிளட்ச் தகடுகள் அந்த வழுக்கலுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்தவை. ஆனால் கம்பெனியே ஆரம்பத்தில் அது கிடைக்காவிட்டால் டெக்ஸ்ரான் ஊற்றலாம் என்று எழுதி வைத்தது. டெக்ஸ்ரான் எல்லா மூலையிலும் கிடைக்கிற ஆயில். ஆயில் மாற்றுகிற கடைக்காரர் அதைத்தான் ஊற்றுவார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஊற்றிய கொஞ்ச நாளில் கியர் விழும்போது வண்டி உதறும், உதறுவதைக் கேட்டுக் கியர்பாக்ஸே போய்விட்டது என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றுவார்கள், மாற்றிய கியர்பாக்ஸிலும் அதே டெக்ஸ்ரான். உறுப்புகளைத் திருத்தித் திருத்தி, பல வருஷம் கழித்து அது சுமாரான கியர்பாக்ஸ் ஆனது. பேர் மட்டும் திரும்பவில்லை.

1990-களின் நடுவில் கம்பெனி கொழித்தது. நியான் காரில் ஹெட் கேஸ்கெட் ஒழுகியது, மினிவேனின் பின்கதவுத் தாழ்ப்பாள் விபத்தில் திறந்துகொள்வதாகப் பிரச்சினை கிளம்பி 1995-ல் சுமார் 40 லட்சம் வண்டிகளுக்கு மாற்றித் தர வேண்டி வந்தது. இவற்றைத் தாண்டி நான் நின்று சொல்ல விரும்புவது 1998-ல் வந்த 2.7 லிட்டர் வி6 எஞ்சின். காகிதத்தில் அழகு: அலுமினியம், இருபத்து நாலு வால்வு, லேசு. ஆனால் வாட்டர் பம்பை எஞ்சினுக்குள்ளேயே வைத்து டைமிங் செயினால் ஓட்டினார்கள். பொதுவாக வாட்டர் பம்ப் ஒழுகினால் தரையில் பச்சையாகச் சொட்டும், நமக்குத் தெரிந்துவிடும். இதில் கேஸ்கெட் போனால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்) நேராக எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்பில் இறங்கும். ஆயிலோடு தண்ணீர் சேர்ந்து, ஏற்கெனவே சூடு அதிகம், ஆயில் போகிற வழிகள் குறுகல், கொஞ்ச நாளில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கருப்பு அல்வா. அது டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனருக்கு ஆயில் போகிற வழியை அடைக்கும், செயின் தளரும், ஒரு நாள் எஞ்சின் முடிந்தது. ரோட்டோரம் நிற்கிறவருக்குக் கடைசி வரை எந்த எச்சரிக்கையும் கிடையாது.

டொயோட்டாவுக்கும் அதே காலத்தில் சில எஞ்சின்களில் இதே அல்வாப் பிரச்சினை வந்தது, அதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் 2002-ல் எட்டு வருஷம் வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த எஞ்சின் வைத்திருந்தவர்களுக்கு எழுதினார்கள். கிரைஸ்லரின் 2.7 வைத்திருந்தவர்களின் புகாரில் திரும்பத் திரும்ப வருவது என்ன தெரியுமா? ஒழுங்காக ஆயில் மாற்றியதற்கு ரசீது எங்கே என்று கிரைஸ்லர் கேட்டது என்பது. எஞ்சின் போனதை மன்னித்த ஆட்கள் உண்டு, இந்தக் கேள்வியை மன்னித்தவரை நான் பார்த்ததில்லை.

1998-ல் சுமார் 3,600 கோடி டாலருக்கு, மெர்சிடிஸ் பென்ஸ் செய்கிற ஜெர்மன் கம்பெனியான டைம்லரோடு "சமமானவர்களின் இணைப்பு". சமமெல்லாம் பேச்சுக்குத்தான், ஜெர்மனியிலிருந்துதான் உத்தரவு வந்தது. 300 என்ற கார் நன்றாக ஓடியதைத் தவிர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் வந்த வண்டிகளின் உள்ளே கை வைத்தாலே தெரியும் எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று, பக்கெட் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். 2007-ல் 80.1 சதவீதத்தை 740 கோடி டாலர் ஒப்பந்தத்தில் செர்பரஸ் என்ற முதலீட்டுக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார்கள், இரண்டே வருஷத்தில், 2009 ஏப்ரல் 30 அன்று, திவால் மனு. 789 டீலர்ஷிப்புகளை ஒரே வீச்சில் வெட்டினார்கள். இத்தாலியின் ஃபியட் கார் கம்பெனி ஒரு பைசா ரொக்கம் தராமல் 20 சதவீதத்தோடு உள்ளே வந்தது. ஏற்கெனவே பாதி வேலை முடிந்த வண்டிகள், முதலாளி மாறிக்கொண்டே இருக்கிறார், பாதி பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில் பிறந்த வண்டிகளை நினைத்துப் பாருங்கள்.

அதில் நான் மறக்க முடியாதது டிப்பம் என்று எல்லாரும் சுருக்கிச் சொல்கிற ஃபியூஸ் பாக்ஸ். பேருக்குத்தான் ஃபியூஸ் பாக்ஸ், உண்மையில் வண்டியின் மொத்த மின்சாரத்தையும் பங்கு போடுகிற கம்ப்யூட்டர் பெட்டி. இதே கம்பெனியின் 2011 ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ மாதிரி வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கிற ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) சூட்டில் கெட்டுப்போகும். ரிலே சில டாலர் பொருள். மற்ற வண்டிகளில் விரலால் பிடுங்கிப் புதுசு சொருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இதில் பலகையோடு சேர்த்து ஈயத்தால் ஒட்டிவிட்டார்கள், அதனால் ஆயிரம் டாலரைத் தாண்டுகிற மொத்தப் பெட்டியையும் மாற்ற வேண்டும், அதுவும் கையிருப்பு இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஓடும்போதே அணையும். சிலருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி தானாகவே ஹாரன் அடித்தது, வைப்பர் ஆடியது, பேய் பிடித்த மாதிரி. வெளியே தனியாக ஒரு ரிலேயும் நாலு ஓயரும் போட்டால் வேலை முடிகிறது என்று வாடிக்கையாளர்களும் தெருக்கோடி மெக்கானிக்குகளும் முதலில் கண்டுபிடித்தார்கள். 2014-ல் சுமார் 1,89,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தபோது கம்பெனி கொடுத்த வைத்தியமும் அதேதான், வெளியே ஒரு ரிலே.

2013-ல் ஜீப் செரோக்கி. ஒன்பது ஸ்பீடு கியர்பாக்ஸ், சாஃப்ட்வேர் சரியாக வரவில்லை, செய்து முடித்த வண்டிகள் டொலிடோ ஆலையைச் சுற்றி வாரக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. அதைப் பார்த்தபோது பழைய ஆட்களுக்குக் கண்காட்சித் திடல் ஞாபகம் வந்திருக்கும். இந்தத் தடவை குறை தெரிந்தே நிறுத்தி வைத்தார்கள் என்பது ஒரு முன்னேற்றம், ஆனாலும் கடைக்கு வந்த பிறகு சாஃப்ட்வேர் திருத்தம் மேல் திருத்தம் போட வேண்டியிருந்தது. 2014 அக்டோபரில், பொருள்களைச் சோதித்து எழுதுகிற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையின் பட்டியலில் இந்தக் குடும்பத்து வண்டிகள் அடிமட்டத்தில் வந்தன, மறுநாளே தரத்துக்குப் பொறுப்பான அதிகாரி கம்பெனியை விட்டுப் போனார். 2015 ஜூலையில் 23 ரீகால்களை, 1.1 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளை, ஒழுங்காகக் கையாளவில்லை என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை (NHTSA) 10.5 கோடி டாலர் அபராதம் போட்டது. அதுவரை அந்தத் துறை போட்டதிலேயே பெரியது.

அடுத்த வருஷம் கியர் லீவர். ஒவ்வொரு தடவை தள்ளியதும் நடுவுக்கே திரும்பி வந்து நிற்கும் லீவர், லீவர் நிற்கிற இடத்தைப் பார்த்து எந்தக் கியர் என்று சொல்ல முடியாது. பார்க் கியரில் போட்டுவிட்டோம் என்று நினைத்து இறங்கினால் வண்டி உருளும். 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க 11 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தார்கள், திருத்தம் எல்லாருக்கும் போய்ச் சேருவதற்குள், ஜூனில், நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தன் வீட்டு வாசலிலேயே தன் கிராண்ட் செரோக்கி உருண்டு வந்து நசுக்கி இறந்துபோனார். வயது 27. இது வெறும் "தரம்" சம்பந்தப்பட்ட பேச்சு இல்லை என்று அன்றைக்குப் பலருக்கு உறைத்தது.

சரி, உங்கள் வண்டி. 2017 பசிஃபிகாவுக்கு முதல் வருஷம், உங்களுடையது இரண்டாவது வருஷம். கிரைஸ்லரில் முதல் வருஷ மாடலைத் தொடக் கூடாது என்பது நான் யாருக்கும் சொல்வது. மேலே சொன்ன கதை முழுக்க அதுதானே? அதில் இருக்கிற 3.6 லிட்டர் எஞ்சின் 2011-ல் வந்தபோது இடதுபக்க ஹெட்டில் கோளாறு இருந்தது, அந்த ஹெட்டுக்கு மட்டும் வாரண்டியைப் பத்து வருஷத்துக்கு நீட்டினார்கள், பிறகு சரிசெய்தார்கள். இப்போது அது மோசமான எஞ்சின் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். எஞ்சினின் நடு இடுக்கில் ஆயில் ஃபில்டர் உட்காரும் பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்டு ஒழுகும், டார்ச் அடித்துப் பார்த்தால் குளம் மாதிரி ஆயில் தேங்கி நிற்பது தெரியும். இன்னொன்று, வால்வுகளைத் திறக்கிற ராக்கர் தேய்ந்தால் டிக் டிக் என்ற சத்தம். ஒன்பது ஸ்பீடு கியர்பாக்ஸ் குறைந்த வேகத்தில் லேசாக இடிக்கும், அது அதன் சுபாவம். பலமாக இடித்தால், தயங்கினால் விட்டுவிடுங்கள். இரண்டு பேட்டரி இருக்கிறது, சின்ன பேட்டரி பலவீனமானால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஹைப்ரிட் என்றால் கதை வேறு. 2017, 2018 பசிஃபிகா ஹைப்ரிட்களை 2022-ல் தீப்பிடிக்கும் ஆபத்துக்காகத் திரும்ப அழைத்து, சரிசெய்யும் வரை வீட்டுக்குத் தள்ளி வெளியே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள் என்றே சொன்னார்கள். வண்டி எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டால் பாக்கி இருக்கிற ரீகால் எல்லாம் வரும், காசு கிடையாது. ரீகால் வேலைக்கு எந்த டீலரும் பணம் வாங்கக் கூடாது, நீங்கள் மூன்றாவது கை என்றாலும்.

எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி 5 வருஷம் 60,000 மைல், உங்கள் வண்டி இரண்டையும் தாண்டிவிட்டது. ஓஹாயோவின் லெமன் சட்டம், அதாவது திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிற வண்டிக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்குகிற சட்டம், புது வண்டிக்கு முதல் 12 மாதம், 18,000 மைல் வரைக்கும்தான். ஆகவே கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தாளில் "உள்ளது உள்ளபடி" (As Is) என்று டிக் அடித்திருந்தால் வாங்கிய மறுநாள் எது போனாலும் உங்கள் பாடு.

ஒரு அனுபவம் சொல்கிறேன், எந்தக் கடை, எந்த வண்டி என்பது வேண்டாம். நண்பருக்காகப் பழைய வண்டி பார்க்கப் போனோம். டேஷ்போர்டில் ஒரு விளக்கு இல்லை, பளிச்சென்று இருந்தது. இருபது டாலர் ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகினேன். எரர் ஒன்றுமில்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற வரிசை முழுக்க "இன்னும் முடியவில்லை" என்று காட்டியது. அதாவது காலையில்தான் யாரோ எல்லா எரரையும் அழித்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஓடினால்தான் அந்த வரிசை நிறையும், எரரும் திரும்ப வரும். விற்பனையாளரிடம் கேட்டேன், பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரியில் ஒட்டியிருந்த தேதி மூன்று வருஷம் பழசு. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

நீங்கள் போகிற அன்று முன்கூட்டியே ஃபோன் போட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். போனதும் முதலில் பானட் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அந்த டிக் டிக் சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் நிமிஷத்தில்தான் நன்றாகக் கேட்கும்.